நங்கைக்கு என்ன முடிவு

அரண்மனைக் காதல் கதைகளில் இளவரசனும் நாயகியும் சேர்வார்களா மாட்டார்களா என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சேர்ந்து தொலைவார்கள். அதற்குத்தானே எழுதுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் அவள் ஆற்றங்கரையில் வழுக்கி விழும்போதே அவன் எங்கிருந்தோ குதிரையில் வந்து தாங்கிக்கொள்வான். நடுவில் பேசும் கிளி, மந்திர வாள், முனிவர் சாபம் என்று இழுஇழு என்று இழுத்துவிட்டு, கடைசியில் மாலை மாற்றிக்கொள்வார்கள். இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது?

நான் பார்ப்பது மிச்சமிருக்கிறவர்களை. வில்லியை, தோழியை, படைத்தலைவனை. வில்லி என்றால் மாடத்திலிருந்து விழுந்து சாவாள், அல்லது தான் கலக்கிய விஷத்தைத் தானே குடிப்பாள், அதுவும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்துக் காட்டுக்குள் ஓடுவாள். எழுதுகிறவருக்கு அன்றைக்கு எது தோன்றுகிறதோ அது. தோழியின் பாடு இன்னும் கேவலம். இளவரசியின் ஓலையை மழையில் நனைந்து கொண்டுபோய்க் கொடுத்து, காவலாளியிடம் அடியும் வாங்கியிருப்பாள். அவளைக் கடைசி அத்தியாயத்தில் படைத்தலைவனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அரை வரிதான். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஏன் இவர்கள் மேல் இவ்வளவு அக்கறை என்றால், நானும் அந்த வகையறாதான். சும்மா சொல்லவில்லை. செல்போனில் ஆயிரக்கணக்கான பேர் வாரா வாரம் படித்த ஒரு ராஜா ராணிக் கதையில் நான்தான் வில்லி.

பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரத்தில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. ஒரு காலத்தில் தறி ஓட்டிய குடும்பம். நான் பிறப்பதற்கு முன்பே தறியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனுக்கு வந்துவிட்டார்கள். அத்தைக்கு ஒரே மகன். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தையல் மெஷின்களைப் போட்டு, கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வயதுக்கு வந்த அன்றைக்கு அத்தை சொந்தபந்தம் எல்லாம் கேட்கும்படி, "இனி இவ எம்பட மருமவ. ஆரும் கண்ணு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னது நான் இல்லை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு மாமாவைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இப்போது அதை மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அந்தக் கொட்டகையில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அங்கே தெற்கத்திப் பெண் ஒருத்தி கைமடி வேலைக்கு வந்து சேர்ந்தாள். டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிறவளுக்குக் கைமடி என்று பெயர். சிரித்தால் அத்தனை பல்லும் தெரியும். மாமா அவளுக்கு மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது. இவர் மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். மற்றபடி ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் இன்றுவரை யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலில்தான். வேறு எங்கே தாலி கட்டினாலும் அது கல்யாணக் கணக்கில் சேராது. மாமா வீட்டுக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணைக் கட்டத் தீர்மானித்தபோதும் அதே மலைக்குத்தான் ஏற்பாடு செய்தார். ஊரில் வேறு கோயிலா இல்லை? ரிஜிஸ்டர் ஆபீஸ் இல்லையா? ஓடிப்போகிற மனுஷன், எல்லாரும் முதலில் தேடுகிற இடத்துக்குத்தானா ஓடுவார்? ஆனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். திருட்டுக் கல்யாணத்தையும் முறைப்படிதான் செய்வார்கள்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் கொஞ்சம் புளி வாங்கலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை ஹாலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நா ஆருன்னெல்லாம் வேண்டாமுங்க. உங்க புள்ள நாளைக்குக் காலைல எங்க மலைக்கோயில்ல தாலி கட்டிக்கப் போகுதுங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

மாமாவின் பீரோவில் பட்டு வேட்டியையும் மஞ்சள் கயிற்றையும் அத்தை பார்த்திருக்கிறார். மறுநாள் முகூர்த்தம் என்பதைக் காலண்டரே சொல்லும். இடம் எது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. வேலைக்குச் சேரும் பெண்களிடம் ஊர் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால் நம்பருக்கும் அலைய வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பிய அத்தை என்னைப் பார்த்தார். முகம் ஒரு கணம் சுண்டிப்போய், உடனே பழையபடி ஆகிவிட்டது.

"காப்பி வெக்கட்டுமா கண்ணு?" என்றார்.

நான் வெளியே ஓடி மாமாவைத் தேடினேன். சாயப்பட்டறைக்குத் துணி எடுக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. செல்போனை அணைத்து வைத்திருந்தார். அந்தப் பெண்ணும் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் பெண்ணின் அண்ணன்மார் வேனில் வந்து இறங்கியபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அதனால் அவர்களால் கல்யாணத்தை நிறுத்த முடியவில்லை; அடிக்க மட்டும் முடிந்தது. மாமாவுக்குக் கை முறிந்தது. துணைக்குப் போயிருந்த எங்கள் டெய்லர் குறுக்கே விழுந்து தடுத்ததில் அவருக்கு வலது கை விரல்கள் நசுங்கின. போலீஸ் ஸ்டேஷனில் பேசி, எழுதி வாங்கி, பெண்ணை மாமாவோடு அனுப்பிவைத்தார்கள். அன்று சாயங்காலம் கையில் மாவுக்கட்டோடு மாமா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், முச்சூடும் கூடியிருந்தது.

"ஆரும்மா அவியளுக்குச் சொன்னது? எனக்கு அது தெரிஞ்சாகோணும்" என்றார்.

அத்தை என் பெயரைச் சொல்லவே இல்லை. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உட்டுரு சாமி. ஆராயிருந்தா என்ன? ஆசைய வளத்துக்கிட்ட வயசுப் புள்ள, மனசு தாங்காம எதோ பண்ணிப்போடுச்சு. நாமதான் பொறுத்துக்கோணும்" என்றார்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. "நானில்லீங்க. அத்தைதானுங்க போன் பண்ணுனாங்க" என்றேன். என் அம்மா எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "செஞ்சதும் பத்தாதுன்னு பெரியவிய மேல பழி போடறயா?" என்றாள். கதை அத்தோடு தீர்மானமாகிவிட்டது. உரிமை உள்ள முறைப்பெண், கை நழுவிப்போன மாப்பிள்ளை, பொறாமை. யாருக்கும் இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. சொந்த மகன் கையை ஒடிக்க அம்மாவே ஆள் விடுவாள் என்றால் எவன் நம்புவான்?

அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள், அல்லது விசாரித்துவிட்டு வராமல் போனார்கள். "அந்தக் காட்டிக் குடுத்த புள்ளையா?" என்று கேட்டதாகத் தரகர் கூச்சமே இல்லாமல் என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தை தன் வாயால், தன் மகனிடம், "அது நாந்தான்" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அது செல்லாது.

நடுவில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து அத்தை மனம் மாறி, ஆரத்தி எடுத்து மருமகளை வீட்டுக்குள் அழைத்தார். அப்போது அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, "நல்லாயிருக்கீங்களா நங்கையா?" என்று கேட்டாள். கூடம் கப்சிப் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் நங்கை என்றால் நாத்தனார், புருஷனோடு கூடப் பிறந்தவள். புருஷன் வீட்டுப் பெண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று யாரோ அவளுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கொள்ள உரிமை இருந்தவளை ஒரே வார்த்தையில் மாமாவுக்குத் தங்கச்சி ஆக்கிவிட்டாள். அத்தைதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வேண்டுமென்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். தெரியாமல் சொன்னவளை என்ன செய்வது? யாரும் திருத்தவும் இல்லை. அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது.

மாமா தொழிலில் மேலே வந்தார். அவிநாசி ரோட்டுப் பக்கம் அபார்ட்மெண்ட் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். அத்தை, லிப்டில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று இங்கேயே இருந்துகொண்டார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கொண்டுவந்து போட்டபோது, யார் பார்த்துக்கொள்வது என்று ஒரம்பரை கூடிப் பேசியது. பேச்சு ரொம்ப நேரம் நீளவில்லை. "உனக்கென்ன, புள்ளையா குட்டியா?" என்று என் தலையில் கட்டினார்கள்.

நான் கம்பெனியிலிருந்து நின்றுகொண்டேன். வீட்டுக்கே மூட்டையாகத் துணி வாங்கி வந்து பிசிறு வெட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைக் கத்தரிப்பதுதான் பிசிறு வெட்டுவது. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே செய்யலாம். ஊரில் இதைப் பெருந்தன்மை என்று சிலர் பேசினார்கள். பிராயச்சித்தம் என்று பலர் பேசினார்கள். இரண்டும் கிடையாது. படுக்கையில் கிடக்கிறவருக்கு ஒருநாள் மனது உறுத்தும், மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் போனேன். அந்த நப்பாசைக்காகத்தான் மலமும் மூத்திரமும் அள்ளினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் மனைவி கதை எழுத ஆரம்பித்தாள். செல்போனில் தொடராக எழுதுவதற்கும் படிப்பதற்கும் என்றே ஒரு ஆப் இருக்கிறது. எழுதியதைக் குரலில் வாசித்தும் காட்டும். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அத்தையின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். "நானே எழுதுனது அத்தை. நீங்க கண்ண மூடிட்டுக் கேட்டாப் போதும்" என்றாள். அத்தைக்குக் கண்ணில் புரை. தொட்டு இயக்கத் தெரியாது. அதற்கும் நான்தான்.

மலைநாட்டு இளவரசன், தென்னாட்டிலிருந்து வந்த நெசவுப் பெண். அவள் மந்திர நூலில் நெய்த கவசத்தை எந்த வாளும் துளைக்காது. இளவரசனின் தாய் பெரிய ராணி, குணத்தில் பசும்பொன். ராணியின் தம்பி மகள் ஒருத்தி, இளவரசனை மணக்க உரிமை உள்ளவள், நாகக்கண் உள்ளவள். அவளுடைய பெயர் நங்கை. முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதும் என் கையிலிருந்த கத்தரி பனியனையே வெட்டிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், எழுதியவளுடைய தெற்கத்தி ஊரில் அது உறவுப் பெயர் இல்லை. செந்தமிழ் வார்த்தை. ராஜ குடும்பத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வைத்திருப்பாள்.

தினமும் மத்தியானம் சோறு ஊட்டி, வாய் துடைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு, நான் கதையைப் போட்டுவிட வேண்டும். கதையில் கண் தெரியாத ராணிக்கு நாயகி தன் கையால் அமுது ஊட்டிக்கொண்டிருப்பாள். இங்கே நான் குழைத்த ரசம் சோற்றை முழுங்கிக்கொண்டே அத்தை, "எம்மருமவ எப்புடி எழுதறா பாத்தியா? அத்தனையும் அச்சு அசலு" என்பார்.

நங்கை வரும்போதெல்லாம் கரித்துக் கொட்டுவார். "இந்த நாசமாப் போனவ நல்லாயிருப்பாளா? இவளுக்கு என்ன கதி வருதுன்னு பாக்காம நா கண்ண மூட மாட்டேன்."

"ஏனுங்க அத்தை, அவ என்னங்க பண்ணுனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன பண்ணுனாளா? நீ கதையக் கேக்கறயா, தூங்கறயா?"

நங்கை தூதுப் புறாவை அனுப்பும் அத்தியாயம் வந்தது. தென்னாட்டுச் சகோதரர்கள் ராட்சசக் கழுகுகளில் ஏறி வந்து மலைக்கோயிலில் இறங்கினார்கள். இளவரசனுக்குக் கை முறிந்தது. படைத்தலைவன் குறுக்கே விழுந்து வீர மரணம் அடைந்தான். அரை வரி. வாசகிகள் கீழே எழுதியிருந்ததை அத்தை படிக்கச் சொன்னார். படித்தேன். நங்கையைக் கழுவில் ஏற்றுங்கள். மொட்டையடித்துக் கழுதையில் ஊர்வலம் விடுங்கள். யானைக் காலில் போடுங்கள். இவளைப் போன்றவளை எங்கள் குடும்பத்திலும் பார்த்திருக்கிறேன், கொதிக்கும் எண்ணெய்தான் சரி. பிசிறு தட்டாத குரலில் ஒவ்வொன்றாகப் படித்தேன். அத்தை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே, "வேணும், நல்லா வேணும்" என்றார்.

அவர் நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரித்தது. நடிக்கிற ஆள் என்றைக்காவது நிறுத்துவார். மறந்துபோன ஆளிடம் எதை எதிர்பார்ப்பது?

அந்த வாரம் மார்க்கெட்டில் பழைய டெய்லரைப் பார்த்தேன். குறுக்கே விழுந்து விரல் நசுங்கியவர். தையலை விட்டுவிட்டு இப்போது ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார். தெற்கத்தி ஆள். அவருடைய மகளும் தொடரைப் படிக்கிறாளாம். காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, என்னைய எதுக்குக் கொன்னு போட்டாவ? நான் பாட்டுக்கு இங்கனதான கெடக்கேன். ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தாவளா?"

"உங்களையாவது கொன்னுட்டாங்க. நிம்மதியா இருங்க. என்னைய இன்னும் வெச்சிருக்காங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடர் முடிவை நெருங்கியது. ஒரம்பரையில் ஒரு காதுகுத்துக்குப் போனால், பந்தியில் எனக்கு இலை போடும்போதே "நங்கைக்கு விசம் வெச்சுப் பரிமாறுங்கடி" என்று சிறுசுகள் கிண்டல் செய்து சிரித்தன. பெரியவர்கள் அதட்டவில்லை. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வந்து அத்தையின் கட்டில் ஓரம் நின்று, "எல்லாருங் கேலி பண்றாங்க அத்தை" என்றேன். "கதைதானே, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டிருக்கியே" என்றார்.

அடுத்த ஞாயிறு மாமாவும் மனைவியும் வந்தார்கள். மாமா கட்டிலில் அம்மாவின் காலருகே உட்கார்ந்தார். நான் அத்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அத்தை, கடைசி அத்தியாயம் எழுதணும். எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்காவ. நங்கைக்கு என்ன முடிவு குடுக்கதுன்னு எனக்கே தெரியல. கொன்னுட்டா ரொம்பச் சாதாரணமாப் போயிருதே. நீங்க சொல்லுங்க, அப்பிடியே எழுதிருதேன்."

நான் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. மகன் இருக்கிறார், மருமகள் இருக்கிறாள், நான் இருக்கிறேன். கேள்வியும் அவர்களாகவே கேட்டுவிட்டார்கள். புறாவை அனுப்பியது அவள் இல்லை, பெரிய ராணிதான் என்று அத்தை சொன்னால் போதும். கதையில் சொன்னாலும் போதும். மாமா முட்டாள் இல்லை, புரிந்துகொள்வார். அத்தையின் பின்னந்தலை என் உள்ளங்கையில் கனத்துக்கொண்டு இருந்தது.

அத்தை வாயைத் துடைத்துவிடச் சொல்லிச் சாடை காட்டினார்; துடைத்துவிட்டேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"கொல்ல வேண்டாங்கண்ணு. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன் பெத்த புள்ள. அந்தப் பெரிய ராணி அவளக் கூப்புட்டு, உன்னைய மன்னிச்சுட்டேன் போன்னு சொல்லட்டும். அவளும் அழுதுட்டு, சாகற மட்டும் ராணிக்குக் கூடவே இருந்து ஊழியம் பண்ணட்டும்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்பேர்ப்பட்ட மனசு அத்தை உங்களுக்கு" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்வையில் பழைய கடுப்பு இல்லை. "கேட்டுக்கிட்டியா? இந்த மனசு ஆருக்கு வரும்?" என்றார். நான் டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவினேன். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். தான் செய்ததற்கு என்னை மன்னித்துவிட்டார். கூடவே சாகும் வரைக்கும் ஆளையும் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி அத்தியாயம் வந்தது. மகாராணியின் கருணையைப் பாடிப் பாடி வாசகிகள் கண்ணீர் விட்டார்கள். கொதிக்கும் எண்ணெய் கேட்டவளே, இப்போது எனக்கும் என் நாத்தனாரை மன்னிக்கத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாள். மாமாவும் மனைவியும் ஊத்துக்குளி நெய்யில் செய்த மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு தனியாகத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். "இனிமே பழசெல்லாம் பேசாண்டாம் நங்கையா" என்றாள். அவள் நிஜமாகவே நல்ல பெண்தான். அதனாலேயே அவளைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அவள் உள்ளே அத்தையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாமா காரை எடுக்க வாசலுக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"மாமா, சித்த நில்லுங்க. அன்னைக்கு அவியளுக்குப் போன் பண்ணுனது நானில்லீங்க. உங்கம்மாதான். எங்காதால கேட்டனுங்க."

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. கதவின் மேல் கை வைத்தபடி, சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அதான் மன்னிச்சாச்சல்லோ? இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு? உன்னைய மன்னிச்ச மனுசி மேலயே பழியப் போடறியே. ஆமா, நாந்தான் பண்ணுனேன், தப்புத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா உம்மேல எனக்கு மதிப்பாவது இருந்திருக்கும்" என்றார்.

முன்பு என்னை வெறுத்தார். வெறுக்கிற ஆளோடு சண்டை போடலாம், நான் இல்லை நான் இல்லை என்று கத்தலாம், என்றைக்காவது காதில் விழும். மன்னித்துவிட்ட ஆளிடம் என்ன பேசுவது? அவர் கார் ஹாரனை அடித்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் எனக்குக் கையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

அத்தை விழித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில். வாசலில் பேசுவது கேட்கும்.

"சொல்லிப்போட்டயா?" என்றார்.

"சொல்லிட்டனுங்க."

"நம்புனானா?"

நான் மைசூர்பாகுத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"நம்ப மாட்டான் கண்ணு" என்றார் அத்தை, ஆறுதலாக. "அதுக்குத்தானே உன்னைய மன்னிச்சது."

பிறகு வலது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, வலிக்காமல் திருப்பிப் படுக்க வைத்தேன்.